கடைசி விலை சொல்லுங்க

2020 ஜூன் கடைசியில் எனக்குப் பிரிவுபசார விழா நடந்தது. ஊரடங்கு காலம் என்பதால் மாலை, சால்வை எதுவும் இல்லை. லேப்டாப் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் நாற்பது முகங்கள். பாதிப் பேர் மைக்கை அணைத்துவிட்டுப் பேசினார்கள். மீதிப் பேர் அணைக்க மறந்து குக்கர் விசிலைக் கேட்கவைத்தார்கள். பேசியவர்களில் ஒருவர், "பர்ச்சேஸில் முப்பத்தெட்டு வருஷம் என்னென்னவோ வாங்கினார், கெட்ட பெயர் மட்டும் வாங்கவில்லை" என்றார். நாலு பேர் கைதட்டும் பொம்மையை அனுப்பினார்கள். அதோடு முடிந்தது.

சரியாக ஒரு மாதம். ஜூலை 30ஆம் தேதி, கலர் டிவி இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. இனி வெளிநாட்டிலிருந்து டிவி கொண்டுவர லைசென்ஸ் வேண்டும். மறுநாள் காலையில் பழைய ஆபீஸிலிருந்து ஒரு போன். எங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த கோயம்புத்தூர்ப் பெண். பேரத்தில் உட்கார்ந்தால் ஷென்சென்காரர்களே தண்ணீர் கேட்பார்கள், அவ்வளவு கெட்டிக்காரி.

"சார், இந்த இம்போர்ட் லைசென்ஸ்னா என்ன சார்? நீங்க அந்தக் காலத்துல வாங்கியிருக்கீங்கன்னு சொன்னாங்க."

அந்தக் காலத்தில்! இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவரைக் கேட்பது போலக் கேட்டாள்.

அந்தக் காலம் என்பது 1982. மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஜமுக்காளமுமாக செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கினேன். மேற்கு மாரேட்பள்ளியில் ஒரு தமிழ்க் குடும்பத்து வீட்டு மாடியில் அறை. கூட இருந்தவன் திருநெல்வேலிக்காரன். எலெக்ட்ரானிக்ஸ் என்றால் அன்று ஹைதராபாத்தில் ஈ.சி.ஐ.எல்.தான். 1967இல் அணுசக்தித் துறையின் கீழ், ஏ.எஸ். ராவ் என்ற விஞ்ஞானி முன்னின்று தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். அணு உலைக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்த அதே கையோடு கம்ப்யூட்டரும் செய்தார்கள், டிவியும் செய்தார்கள். அணுசக்தித் துறை செய்த பெட்டியில் 'ஒளியும் ஒலியும்' பார்த்த ஒரே நாடு நாமாகத்தான் இருக்கும். அந்த ஆலமரத்தின் நிழலில் சின்னச் சின்னதாக எத்தனையோ கம்பெனிகள் முளைத்தன. பாலாநகரில் ஒரு தகரக் கொட்டகையில் இயங்கிய எங்களுடையதும் அதில் ஒன்று. பெயர் வேண்டாம். பிறகு நான் மாறிய கம்பெனிகளின் பெயர்களும் வேண்டாம்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஊரே டிவி கேட்டது. டிவி வாங்க வருபவர்களை விற்பனைப் பிரிவினர் கெஞ்ச வேண்டியதில்லை, அவர்கள்தான் கெஞ்சினார்கள். வீட்டில் டிவி வைத்துக்கொள்ளவே தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டிய காலம், இருந்தும் கெஞ்சினார்கள். இப்படிப்பட்ட சரக்கைச் செய்கிற கம்பெனியில் வாங்கும் பிரிவில் வேலை என்றால் ராஜா மாதிரி இருக்கலாம் என்று நினைத்துப் போனேன். முதல் நாளே மானேஜர் தெளிவுபடுத்திவிட்டார்.

"தம்பி, பர்ச்சேஸ்னு போர்டு மாட்டியிருக்கேன்னு பார்க்காதே. காசு குடுத்தா யாரும் வாங்கிடுவான். நம்ம வேலை கிடைக்க வைக்கிறது."

எப்படிக் கிடைக்கவைப்பது என்பதற்கு ஒரு புத்தகம் இருந்தது. இறக்குமதிக் கொள்கைப் புத்தகம். 'ரெட் புக்' என்போம். எதை யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், எதற்கு லைசென்ஸ் வேண்டும், எதை அரசு நிறுவனம் வழியாக மட்டுமே வரவழைக்கலாம், எது கூடவே கூடாது என்று ஜாதகம் கணித்தது போல அதில் இருக்கும். மானேஜர் மேஜையில் பஞ்சாங்கமும் அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். எதை எடுத்து எதற்குப் பார்த்தார் என்று சில நாள் சந்தேகமாகவே இருக்கும்.

லைசென்ஸ் வேண்டுமானால் அந்த உதிரிபாகம் இந்தியாவில் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். தொழில்நுட்ப வளர்ச்சித் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.டி.டி., அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்க எளிது. இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? உள்நாட்டில் செய்யக்கூடியவர்களிடமே போய், "எங்களால் முடியாது" என்று எழுதி வாங்குவது ஒரு வழி. எந்த முதலாளி தன் லெட்டர்ஹெட்டில் தனக்குத் துப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்? டியூனரில் வரும் ஒரு சின்னப் பாகத்துக்காக ஒருமுறை ஒரு பட்டறை முதலாளியிடம் போனேன். நல்ல மனிதர். இரானி சாய், உஸ்மானியா பிஸ்கெட் எல்லாம் வரவழைத்துக் கொடுத்தார். நான் நீட்டிய காகிதத்தைப் படித்தார். முகம் மலர்ந்தது. "இது இவ்வளவு தேவைப்படுதா? ஆறு மாசம் டைம் குடுங்க, நானே செஞ்சு தர்றேன்" என்று அதையே எழுதியும் கொடுத்துவிட்டார். உள்நாட்டிலேயே கிடைக்கும் என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம்! அதை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பாகம் ஆறு மாதத்திலும் வரவில்லை, ஆறு வருஷத்திலும் வரவில்லை. அந்தக் கடிதத்தை மானேஜர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

ஃபைல் நகர டெல்லிக்குப் போக வேண்டும். ஆந்திரப் பிரதேஷ் எக்ஸ்பிரஸ், 1976இல் விட்ட வண்டி. வார்தாவைத் தாண்டியதும் ஃபைலை எடுத்து மறுபடி ஒருமுறை சரிபார்ப்பேன், ஆக்ராவில் இன்னொருமுறை. உத்யோக் பவன் வராந்தாக்களில் என்னைப் போல ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவர்களில் பாதிப் பேர் டிவிக்காரர்கள். போட்டிக் கம்பெனிக்காரர்கள் என்றாலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை சாப்பிட்டோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வரும் சிநேகம் அது. ஊருக்குத் தகவல் சொல்ல டிரங்க் கால். சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று ஜாதி. லைட்னிங் கால் எட்டு மடங்கு கட்டணம் என்பதால் மூன்றே வார்த்தையில் முடிப்பேன்: "இன்னும் ஆகலை சார்." அந்த டெல்லி வண்டி இப்போதும் ஓடுகிறது. பெயர் தெலங்கானா எக்ஸ்பிரஸ்.

லைசென்ஸ் சரக்கு வரும்வரை அசெம்பிளி லைன் நிற்கக் கூடாதே. அதற்குக் கோட்டி இருந்தது. கோட்டி என்பது ஹைதராபாத்தின் பெரிய கடைவீதிகளில் ஒன்று. "கோட்டிக்குப் போயிட்டு வர்றேன்" என்று நான் சொல்லும்போதெல்லாம் திருநெல்வேலி நண்பன், "போகணுமாடே, உனக்குத்தான் ஏற்கெனவே பிடிச்சிருக்கே" என்பான். அவன் ஊரில் கோட்டி என்றால் பைத்தியம். கூட இருந்த மூன்று வருஷமும் சலிக்காமல் சொன்னான். அங்கே குஜராத்தி கல்லி என்று ஒரு சந்து. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு எல்லாம் கடலை, பொட்டுக்கடலை மாதிரி டப்பா டப்பாவாக இருக்கும். பி.யு.208 என்று ஒரு டிரான்சிஸ்டர். டிவியில் அதிகம் சூடாகி அதிகம் உயிர்விடும் ஜீவன் அதுதான். தட்டையான உலோகத் தொப்பி போட்டு, இரண்டு காது வைத்து, கட்டை விரல் நீளத்துக்கு இருக்கும். கடை சேட் ஐந்தை எடுத்து மர மேஜையில் பரப்புவார். ஐந்திலும் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் பளிச்சென்று அச்சாகியிருக்கும். நான் பையிலிருந்து பஞ்சையும் தின்னர் பாட்டிலையும் எடுப்பேன். பஞ்சை நனைத்து, தொப்பியின் மேல் மூன்று தேய்ப்பு. பெயர் அசையாமல் இருந்தால் அசல். சில சமயம் வெளிநாட்டுப் பெயர் கரைந்து, அடியிலிருந்து வேறொரு நம்பர் மெல்ல எட்டிப் பார்க்கும். நான் சேட்டைப் பார்ப்பேன். சேட் சீலிங் ஃபேனைப் பார்ப்பார். பிறகு ஒன்றுமே நடக்காதது போல உள்ளே போய் வேறு டப்பா எடுத்துவருவார். விலையும் வேறு.

போன வருஷம் எங்கள் தரப் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருந்தேன். எக்ஸ்ரே எந்திரம் இருக்கிறது, சிப்பின் மேலோட்டை அமிலத்தால் கரைத்து உள்ளே பார்க்கும் வசதி இருக்கிறது. சந்தேகப்பட்ட ஐ.சி. ஒன்று வந்தது. அங்கிருந்த பையன் முதலில் எடுத்தது பஞ்சு. அசிட்டோனில் நனைத்து மூன்று தேய்ப்பு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அசிட்டோன் வாடை என்று சொல்லிக்கொண்டேன்.

ஹைதராபாத்தில் சரக்கு வாங்குபவர்கள் இன்னொரு பாடமும் கற்க வேண்டும். 'பர்ஸோன்'. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ஹிந்தியில் அதற்கு அர்த்தம் நேற்று முன்தினம். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியும் அதையே சொன்னது. ஒருநாள் காயில் சுற்றிக் கொடுக்கும் பார்ட்டிக்குப் போன் செய்து சரக்கு எங்கே என்றேன். "பர்ஸோன்தான் பேஜ் தியே சாப்" என்றார். முந்தாநாள் அனுப்பிவிட்டாராம்! கோடவுன் முழுக்கத் தேடினேன். ஸ்டோர்ஸ்காரரோடு சண்டை போட்டேன். கடைசியில் ஸ்டோர்ஸ்காரர்தான் விளக்கினார்: பழைய ஊர் உருதுவில் பர்ஸோன் என்றால் முந்தாநாளும் ஆகலாம், போன மாதமும் ஆகலாம், நிஜாம் காலமும் ஆகலாம். காயில்காரர் சொன்னது மூன்று மாதத்துக்கு முந்தைய சரக்கு. இப்போது லாரியின் நடமாட்டம் போனிலேயே நீலப் புள்ளியாகத் தெரிகிறது. புள்ளி கம்பெனி கேட்டிலேயே ரெண்டு நாள் நிற்கிறது. லாரியைக் காணோம்.

சாக்குகளின் வரலாற்றைத் தனியாகவே எழுதலாம். அன்று லாரி ஸ்ட்ரைக், பவர் கட், பழைய ஊரில் ஊரடங்கு, மேஸ்திரியின் மாமனார் சாவு. ஒரே மேஸ்திரிக்கு ஒரு வருஷத்தில் மூன்று மாமனார்கள் இறந்ததும் உண்டு. 2021இல் சாக்குகள் உலகமயமாகிவிட்டன. முந்தைய டிசம்பரில் ஜப்பானில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் மின்சாரம் போனது, அதனால் பேனல் இல்லை. மார்ச்சில் அதே ஜப்பானில் ஒரு சிப் தொழிற்சாலையில் தீ, அதனால் ஐ.சி. இல்லை. அதே மாதம் சூயஸ் கால்வாயில் ஒரு கப்பல் குறுக்கே சிக்கியது. சீனாவிலிருந்து சென்னைக்கு வரும் எங்கள் கன்டெய்னருக்கும் சூயஸுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. இருந்தும் மூன்று சப்ளையர்கள் சூயஸைக் காரணம் காட்டி மெயில் போட்டார்கள். மூன்று மாமனார் மேஸ்திரி எனக்கு நினைவுக்கு வந்தார்.

எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது விதி. ஒரு ஸ்க்ரூ பாக்கெட்டானாலும் மூன்று. மூன்று பார்ட்டிகள், மூன்று லெட்டர்ஹெட், மூன்று விலை. ஆனால் மூன்றிலும் ஆங்கில 'ஈ' எழுத்தின் வயிறு மசியால் அடைபட்டிருக்கும். மூன்றிலும் ஒரே டைப்ரைட்டர். எங்களுக்குச் சரக்குத் தருபவரே சித்தப்பா பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என அடித்துக் கொண்டுவந்துவிடுவார். ஆடிட்டர் மூன்றையும் எண்ணுவார், டிக் அடிப்பார். அவர் எழுத்தின் வயிற்றைப் பார்ப்பதில்லை.

இப்போது அந்த ஏமாற்று வேலை நடக்காது, ரிவர்ஸ் ஆக்‌ஷன் வந்துவிட்டது என்றார்கள். தலைகீழ் ஏலம். திரையில் கடிகாரம் ஓடும். யார் கேட்கிறார்கள் என்று பெயர் தெரியாது. பி1, பி2, பி3 அவ்வளவுதான். விலை இறங்கிக்கொண்டே வரும். என் தாத்தா மணப்பாறை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார், சுற்றி நிற்பவர்கள் யாருக்கும் தொகை தெரியாது. இங்கே தொகை எல்லாருக்கும் தெரியும், ஆள்தான் துண்டுக்கு அடியில். முதல் ஏலத்தை நான் உட்கார்ந்து பார்த்தது தெர்மோகோல் பேக்கிங்குக்கு. பத்து நிமிஷத்தில் முடிய வேண்டியது நாற்பது நிமிஷம் போனது. பி1 ஒரு பைசா குறைத்தால் பி2 இரண்டு பைசா குறைத்தார். பி3 சீக்கிரமே கழன்றுகொண்டார். நடுவில் என் போன் அடித்தது. செர்லபள்ளியில் தெர்மோகோல் மோல்டிங் வைத்திருக்கும் பையன்.

"சாச்சா, அந்த பி2 யாரு? என்னைக் கொல்றான்."

எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்றேன். கடைசியில் அடக்க விலைக்குக் கீழே போய் அவனே ஜெயித்தான். சாயங்காலம் மறுபடி போன். குரல் செத்திருந்தது. ஏலத்துக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்பதால் மனைவி பெயரில் இன்னொரு கம்பெனி பதிவு செய்து, அதில் மச்சானை உட்காரவைத்திருக்கிறான். சும்மா பேருக்கு ஒரு விலை போடு என்றுதான் சொன்னது. மச்சானுக்கு விளையாட்டுப் பிடித்துப்போய்விட்டது. பி2 பக்கத்து அறையிலேயே இருந்திருக்கிறான்.

இந்தப் பையனின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உஸ்தாத் என்று கூப்பிடுவோம். முஷீராபாத் மரக்கடைகளுக்கு நடுவே பட்டறை. எங்கள் டிவிக்கு மர கேபினெட் அவர் கொடுத்தது. இன்றைக்கு டிவி என்றால் சுவரில் மாட்டும் கண்ணாடிப் பலகை. அன்றைக்கு அது நாலு காலில் நிற்கும் மரச்சாமான். முன்னால் ஷட்டர், இழுத்தால் மரச்சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் ஓடி மறையும். பூட்டும் சாவியும் உண்டு. பரீட்சை நேரத்தில் சாவி அப்பாவின் பூணூலிலோ அம்மாவின் முந்தானையிலோ தொங்கும். அந்த ஷட்டர் சிக்காமல் ஓடுவதுதான் உஸ்தாதின் கெளரவம். அவர் கொண்டுவரும் ஒவ்வொரு கேபினெட்டையும் நடு விரலால் மட்டும் தள்ளிக் காட்டுவார்.

பேரம் என்று நான் கற்றதெல்லாம் அவரிடம்தான். பிளைவுட் இவ்வளவு, வினீர் இவ்வளவு, பாலிஷ் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துப் பிரித்துக் கேட்பேன். அவர் பேச மாட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு பலகைத் துண்டில் ஒரு தொகை எழுதுவார். நான் தலையாட்டுவேன், முடியாது என்று. அவர் கட்டை விரலை நாக்கில் தொட்டு அந்தத் தொகையைத் தேய்த்து அழித்துவிட்டு இரண்டு ரூபாய் குறைத்து எழுதுவார். "ஆப்கே லியே, சாப்." உங்களுக்காக. நான் ஜெயித்துவிட்டேன் என்று சைக்கிளில் பறந்துவருவேன். மானேஜர் தட்டிக்கொடுப்பார். அந்த இரண்டு ரூபாய் முதல் தொகையிலேயே ஏற்றிவைக்கப்பட்டிருந்தது என்று புரியப் பல வருஷம் ஆயிற்று.

அப்படி நான் ஜெயித்துவந்த ஒரு நாளில்தான் பிக்சர் டியூப் தருபவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நாட்டில் டியூப் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். கடிதத்தில் ஒரே வரி, அடுத்த மாதத்திலிருந்து இதுதான் விலை. டிவியின் விலையில் பெரும் பங்கு டியூப்தான். உஸ்தாதிடம் நான் குறைத்த இரண்டு ரூபாய், அந்த ஒரு வரியில் எங்கே போனதென்றே தெரியவில்லை. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "டெலக்ஸ் அடி. ரொம்ப நன்றி, ஒதுக்கீட்டைக் குறைக்காமல் அனுப்பவும்" என்றார். நன்றி என்ற வார்த்தையை நானே என் கையால் தட்டினேன்.

1991இல் ஒரு வேடிக்கை. நாட்டில் டாலர் இல்லை. இறக்குமதிக்கு எல்.சி., அதாவது பாங்கின் கடனுறுதிக் கடிதம் திறக்க, சரக்கு மதிப்பைப் போல இரண்டு மடங்கு ரொக்கத்தை பாங்கில் கட்டச் சொன்னார்கள். அதாவது லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இரண்டு லட்சம். ஜூலை முதல் தேதியும் மூன்றாம் தேதியும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். இரண்டாம் தேதி நான் உட்கார்ந்து புதுக் கணக்கு முழுவதும் போட்டு முடித்திருந்தேன். அதன்பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்தது. டெல்லிப் பயணம் நின்றது. ரெட் புக் பழைய பேப்பர்காரரிடம் போனது. அதோடு என்னிடம் உதிரிபாகம் விற்ற குஷாய்கூடா, செர்லபள்ளிப் பட்டறைகளில் பலவும் போயின. காயில் சுற்றிய 'பர்ஸோன்'காரர் டிராவல்ஸ் வைத்தார். ஷட்டர் டிவி போய் பிளாஸ்டிக் கேபினெட் வந்ததும் உஸ்தாத் சோபா செய்தார், பிறகு கொஞ்ச நாள் கதவு செய்தார், பிறகு செய்யவில்லை. பையன் தெர்மோகோலுக்கு வந்தான்.

2006இல் விமான நிலையம் வரப்போகிற திசையில், ராவிர்யால் பக்கம், ஃபேப் சிட்டி என்று ஒரு நகரத்துக்குப் பெயர் வைத்தார்கள். செம்இண்டியா என்ற நிறுவனம் சிப் ஆலை கட்டப்போவதாக அறிவிப்பு. இனி ஐ.சி.யை ரிங் ரோட்டில் போய் வாங்கிவரலாம் என்று நாங்கள் கனவு கண்டோம். ஆலை வரவில்லை. பெயர் மட்டும் நின்றது. சிப் செய்யப் பெயர் வைத்த அந்த இடத்தில் இப்போது டிவி செய்கிறார்கள், ஷாவ்மி உட்பட. கொஞ்சம் தள்ளி கொங்கர கலானில் ஃபாக்ஸ்கான், காதில் மாட்டும் ஏர்பாடு செய்கிறது. சிப் இன்னும் கப்பலில்தான் வருகிறது.

எங்கள் பிரிவின் பெயரும் ஸ்ட்ராட்டஜிக் சோர்சிங் என்று மாறியது. பார்ட்டி என்பது சப்ளையராகி, வெண்டராகி, இப்போது பார்ட்னர். பார்ட்னருக்குத் தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம். வெறும் பார்ட்டியாக இருந்தபோது உஸ்தாத் சனிக்கிழமை சாயங்காலம் கேஷியர் ஜன்னலில் நின்று எண்ணி வாங்கிப் போனார். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006இலேயே சட்டம் வந்தது, யாரும் சட்டை செய்யவில்லை. தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2023 பட்ஜெட்டில் ஒரு ஆணி அடித்தார்கள். உடனே உஸ்தாதின் பையனுக்கு ஒரு போன் போயிருக்கிறது. பணம் தர இல்லை. 'உங்கள் உத்யம் பதிவை ரத்து செய்ய வாய்ப்பிருக்கிறதா' என்று கேட்டு. எந்தக் கம்பெனி என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேனல் செய்பவர்களுக்கு இந்தக் கதை எதுவும் கிடையாது. டிவியின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பேனல்தான், பழைய டியூப் இருந்த நாற்காலியில் இப்போது அது உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 2019 செப்டம்பரில் ஐந்து சதவீத வரியை எடுத்தார்கள், 2020 அக்டோபரில் திரும்பப் போட்டார்கள். விலை மாதாமாதம் மாறும், சொல்வது அவர்கள். கோயம்புத்தூர்ப் பெண்ணின் எக்செல் ஷீட்டில் முந்நூறு வரிகள். ஸ்க்ரூ, லேபிள், ரிமோட், அட்டைப்பெட்டி, தெர்மோகோல், ஒவ்வொன்றுக்கும் இந்த வருஷம் எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்ற இலக்கு. பேனல் வரியில் மட்டும் அந்தக் கட்டம் காலி. ஒருமுறை வீசாட்டில் பேனல்காரருக்கு அவள் அனுப்பிய பதிலை எட்டிப் பார்த்தேன். முதல் வார்த்தை நன்றி.

அவளுடைய லைசென்ஸ் கதைக்கு வருகிறேன். இப்போது எல்லாம் ஆன்லைன். வராந்தா இல்லை, பெஞ்சு இல்லை, வேர்க்கடலை இல்லை. ரெட் புக்கில் நான் கற்ற ஒரு வரியும் உதவாது. ஆனால் ஒரு கட்டத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை. காரணம் எழுதச் சொல்லி ஒரு பெட்டி. "என்ன சார் எழுதணும்?"

"இது ஏன் நமக்கு வேணும், இங்கே ஏன் கிடைக்காதுன்னு எழுதும்மா. யார்கிட்டயும் போய் எழுதி மட்டும் வாங்காதே."

அந்த ஒரு போனுக்காகவே என்னை ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்களை நிரப்பவைத்த வெண்டர் பதிவுப் படிவத்தை முதல்முறையாக நான் நிரப்பினேன். பான், ரத்து செய்த காசோலை, நன்னடத்தை உறுதிமொழி. என் வளாகத்தில் குழந்தைத் தொழிலாளர் யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். வளாகம் என்பது பத்மாராவ் நகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். தீயணைப்புச் சாதனம் எத்தனை என்ற இடத்தில் என் மனைவி, "சமையலறையில ஒரு குடம் தண்ணி இருக்குன்னு எழுதுங்க" என்றாள்.

கட்டணம் கேட்டார்கள். அனுப்பினேன். இரண்டு நாளில் போன்.

"சார், உங்களுக்குத் தெரியாததா? பட்ஜெட் ரொம்ப டைட். கடைசி விலை சொல்லுங்க சார்."

சொல்லிக்கொடுத்தவனிடமே வித்தை. நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றைய பேப்பரின் ஓரத்தில் ஒரு தொகை எழுதி, அடித்து, கீழே மூவாயிரம் குறைத்து எழுதினேன். அவளுக்கு அது தெரியாது என்றாலும் எழுதினேன். "உனக்காகம்மா" என்றேன். அந்த மூவாயிரத்தை முதல் கொட்டேஷனிலேயே ஏற்றிவைத்திருந்தேன்.

"தேங்க்ஸ் சார். இன்னொரு சின்ன விஷயம். ஃபைலுக்கு மூணு கொட்டேஷன் வேணும். உங்களை மாதிரி அனுபவம் உள்ளவங்க வேற யாராவது ரெண்டு பேர்..."

ஓய்வுபெற்ற நண்பர்கள் இரண்டு பேரிடம் அனுமதி கேட்டேன். ஒருவர் அல்வால், ஒருவர் நாச்சாரம். "அடிச்சு அனுப்பு, கையெழுத்துப் போடறேன்" என்றார்கள். அன்று ராத்திரி லேப்டாப்பில் உட்கார்ந்து இரண்டையும் நானே அடித்தேன். ஒன்றில் என்னைவிட ஐயாயிரம் அதிகம், ஒன்றில் எட்டாயிரம். அனுப்புவதற்கு முன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துப் பார்த்தேன். பிறகு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் எழுத்துருவை மாற்றினேன்.